பின்சக்கரத்தில் ஒரு சத்தம்

சுருதிக்காரரோடு அவருடைய மாமனார் இருபத்தாறு வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இறந்த பிறகுதான் பேசினார்.

பேசியதும் வக்கீல் வாய் வழியாகத்தான். வீடு மகனுக்கு, புத்தக அலமாரியும் சுவர்க் கடிகாரமும் மகளுக்கு என்று ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு வந்த வக்கீல், கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"மோட்டார் சைக்கிள் பெட்டிக்காரனுக்கு. பின்சக்கரத்தில் ஒரு சத்தம் வருகிறது. அவனுக்குக் கேட்கும்."

"பெட்டிக்காரன்னா யாருங்க?" என்று வக்கீல் கேட்டார்.

அவரைத் தவிர அறையில் மூன்றே பேர். மைத்துனர் ஜன்னலைப் பார்த்தார். மனைவி தன் கைப்பையைப் பார்த்தாள். சுருதிக்காரர், வகுப்பில் பெயர் கூப்பிட்டதைப் போல, மெதுவாகக் கையைத் தூக்கினார்.

அவர் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். அந்த ஊரில் பியானோ இருக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான்கு பள்ளிக்கூடங்கள், இரண்டு ஓட்டல்கள், ஒரு நகர மண்டபம், அப்புறம் புகைப்படங்களை நிறுத்திவைப்பதற்காகவே பியானோ வாங்கிய சில வீடுகள். வருடத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு இடத்திலும் கறுப்புப் பையோடு பஸ்ஸில் போய் இறங்குவார். ஒரே கட்டையை நாற்பது தடவை தட்டுவார். வீட்டுக்காரர்கள் முதல் பத்து தடவை மரியாதைக்காகப் பக்கத்தில் நிற்பார்கள்; இருபதாவது தடவையில் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

காது அவருக்குச் சோறு போட்டது. அதே காதுதான் நிம்மதியையும் கெடுத்தது. சொந்த வீட்டுக் குளிர்பெட்டி சுருதி இறங்கி முனகுகிறது என்று சாப்பிடும் நேரத்தில் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். திரும்ப மாட்ட மறந்துவிடுவார். பால் கெட்டுப்போகும். மனைவி இதைக் கல்யாணமான முதல் வருடம் ரசித்தாள்.

அவளைச் சந்தித்ததும் சத்தத்தால்தான். பள்ளிக்கூடத்து இசை அறைக்கு அடுத்த அறை நூலகம். இவர் ஒரு கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தபோது நூலக உதவியாளராக இருந்த பெண் கதவைத் திறந்து, "கொஞ்சம் சத்தம் போடாம வேலை செய்ய முடியாதா?" என்றாள். அவர் இருபத்தெட்டு வயது வரை கேட்ட குரல்களிலேயே சரியான சுருதியில் இருந்த குரல் அதுதான். ஆறு மாதத்துக்குத் தேவைப்பட்டாலும் தேவைப்படாவிட்டாலும் அந்தப் பியானோவை வந்து வந்து சரிசெய்தார்.

பெண்ணின் அப்பா தண்ணீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிப்பவர். தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று, ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துச் சொல்லிவிடுவார். அவர் சொன்ன இடத்தில் தோண்டினால் தண்ணீர் இருக்கும். ஒரு நாளும் தவறியதில்லை. இப்படிக் காதை வைத்தே பிழைத்த இரண்டு பேர், ஒருவர் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்கவில்லை. "பெட்டியைத் தட்டிப் பிழைக்கிறவனுக்கு என் பொண்ணைத் தர மாட்டேன்" என்று பெரியவர் சொன்னதோடு பேச்சு முடிந்தது.

இருவரும் காலை பஸ்ஸில் பக்கத்து நகரத்துக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். பெரியவர் தன் மோட்டார் சைக்கிளில் பஸ்ஸைத் துரத்தினார். அந்தக் காலத்திலேயே அது பழைய வண்டி. ஆனாலும் வேகத்துக்குப் பேர்போனது. அப்படிப்பட்ட வண்டி அன்றைக்கு மட்டும் ஏன் ஒரு பாடாவதி பஸ்ஸைப் பிடிக்கவில்லை என்று சுருதிக்காரர் எப்போதாவது யோசிப்பார். தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வார்.

வக்கீலின் அறையை விட்டு வெளியே வந்ததும் மைத்துனர் வராண்டாவிலேயே ஆரம்பித்தார். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். எதையும் இரண்டாவது கியரில், நிதானமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்வார். அக்கா புருஷனை இருபத்தாறு வருடமாக 'சார்' என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாவுக்குக் கடைசி நாலு வருஷமா காதே கேட்கலை. வாசல்ல லாரி வந்து ஹாரன் அடிச்சாலும் தெரியாது. அவருக்குப் பின்சக்கரத்துல சத்தம் கேட்டுச்சாம். இது புத்தி சரியா இருக்கிறவர் எழுதுற எழுத்தா?"

"அந்தச் சத்தத்தைப் பத்தி அப்பா ரொம்ப வருஷமா சொல்லிட்டுதானேடா இருந்தார்? நீயே போன்ல சொல்லியிருக்கே" என்றாள் அக்கா.

"ஆமா, சொல்லிட்டுதான் இருந்தார். மூணு மெக்கானிக் ஓட்டிப் பார்த்தாங்க. நானும் ஓட்டிப் பார்த்தேன். ஒண்ணுமே இல்லைக்கா. பழைய வண்டி சேர்க்கிற ஒருத்தர் ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருக்கார். அவர்கிட்ட கொடுத்தா கண்ணாடிக்குள்ள வச்சுப் பார்த்துப்பார். சார்கிட்ட இருந்தா என்ன ஆகும்? அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது."

இது உண்மை. சுருதிக்காரருக்கு மிதிவண்டியே தகராறு.

"அப்பா புத்தியோடதான் இருந்தார்" என்றாள் அவள். "என் வீட்டுக்காரரை நினைச்சு, தெளிவா யோசிச்சுதான் எழுதியிருக்கார்."

"அப்ப சத்தம் இருக்கணும் இல்ல?"

"இருக்கும்."

"இருந்தா வண்டி உங்களுது. நான் வாயே திறக்க மாட்டேன். இல்லைன்னா, அப்பா ஏதோ தடுமாறி எழுதிட்டார்னு நீயும் ஒத்துக்கணும்."

"ஒத்துக்கறேன்."

வண்டி யாருக்கு வேண்டும்? அவளுக்கு வேண்டியது அந்த வரி. அப்பா தன் புருஷனை மன்னித்தார் என்று எழுத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான். அது ஒரு கிழவரின் உளறல் என்று ஆகிவிட்டால், இருபத்தாறு வருட மௌனம்தான் மிச்சம்.

வண்டி ஒரு சின்ன லாரியில் படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. பெரியவர் கடைசியாக ஓட்டிய நாளில் முன்சக்கரத்தைச் சாக்கடைப் பள்ளத்தில் இறக்கியிருந்தார். அதில் அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. எட்டு மாதம் கழித்து, கட்டிலில், வேறு காரணத்துக்காக இறந்துபோனார். சக்கரம்தான் அந்த இடத்திலேயே போய்விட்டது.

சுருதிக்காரர் அதைக் கழற்றச் சொல்லி, பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் சக்கரக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கடைக்காரம்மாவைக் கம்பிக்காரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ரிம்முக்கும் நடு ஹப்புக்கும் இடையில் ஸ்போக்ஸ் கம்பிகளைக் கோத்துச் சக்கரம் கட்டுவதும், கோணிப்போன சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பதும் அவர் தொழில். சுழலும் சக்கரத்தின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தே எங்கே கோணல் என்று சொல்லிவிடுவார்.

முன்சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னண்ணே இது, சக்கரமா, முட்டையா?"

"தேறுமா?"

"ஆம்லெட்டுக்குத் தேறும்." வண்டி எந்தக் காலத்தது என்று கேட்டுக்கொண்டார். "ஹப்பு நல்லா இருக்கு, அதை விட்டுடாதீங்க, இப்ப தேடினாலும் கிடைக்காது. ரிம்மும் கம்பியும் புதுசா போடணும். ரிம் வெளியூர்ல இருந்து வரணும். ரெண்டு வாரம் ஆகும்."

சுருதிக்காரர் பின்சக்கரத்துச் சத்தத்தையும், உயிலையும், மைத்துனரோடு வந்த பந்தயத்தையும் சொன்னார். கம்பிக்காரம்மா வேலையை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் கேட்டார்.

"அப்ப பின்சக்கரத்துல நான் கை வைக்க மாட்டேன். நீங்களும் வைக்காதீங்க. முன்சக்கரம் போட்டு, வண்டி உருண்டு, சத்தத்தை எல்லாரும் கேட்ட பிறகுதான் பின்சக்கரம். நான் முன்னாடியே பெண்டு எடுத்துட்டேன்னு வைங்க, சத்தமும் அதோட போயிடும். அப்புறம் அது இருந்துச்சா இல்லையான்னு கடவுளைத்தான் சாட்சிக்குக் கூப்பிடணும்."

சுருதிக்காரர் தலையாட்டினார். தலையாட்டுவது சுலபம். சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

வண்டி மாடிப்படிக்குக் கீழே, நடு ஸ்டாண்டில் நின்றது. முதல் மூன்று நாள் அவர் அதைக் கடந்து போனார், வந்தார். நான்காவது நாள் குனிந்து, பின்சக்கரத்தின் ஒரு கம்பியை நகத்தால் சுண்டினார். கம்பி பாடியது. அடுத்ததைச் சுண்டினார். அதுவும் பாடியது. ஆனால் வேறு சுருதியில்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாற்பது கம்பிகளையும் சுண்டிப் பார்த்தார். செயின் இருக்கும் பக்கத்தில் இருபது கம்பிகள் உச்ச சுருதியில் கத்தின. மறுபக்கத்து இருபதும் அடிக்குரலில் முனகின. அதிலும் ஒன்று பாடவே இல்லை. 'டப்' என்று மரக்கட்டையைத் தட்டியதைப் போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சுருதிக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே வாத்தியத்தில் இரண்டு சுருதி! பாவம், பெரியவர் இதைத்தான் இத்தனை வருடம் கேட்டிருக்கிறார். மூன்று மெக்கானிக்குகளுக்கு எப்படிக் கேட்கும்? தனக்குக் கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது! கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பி திருகும் சாவி ஒன்று வாங்கி வந்தார்.

கோளாறைக் கண்டுபிடித்த பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வருவது அவர் தொழிலில் வழக்கமே இல்லை. நான்கு சாயங்காலம் உட்கார்ந்தார். கத்துகிற பக்கத்தைத் தளர்த்தினார், முனகுகிற பக்கத்தை முறுக்கினார். ஒவ்வொன்றையும் சுண்டிச் சுண்டி ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தார். பாடாத கம்பியை எவ்வளவு திருகியும் அது ஏறவில்லை. திருகு அதன் கடைசி மரை வரைக்கும் போய் நின்றுவிட்டது. உயிர் போன கம்பியை மாற்றிவிட வேண்டியதுதான். அதை வெளியே எடுத்தார். புதுக் கம்பி வாங்க அதைக் கடைக்கு எடுத்துப் போகவில்லை. பியானோவில் அறுந்த கம்பியை யாரும் அளக்க மாட்டார்கள். பக்கத்தில் உயிரோடு இருக்கும் கம்பியைத்தான் அளப்பார்கள். அப்படியே பக்கத்துக் கம்பியை அளந்து, அதே நீளத்தில் ஒன்று வாங்கி வந்து மாட்டினார். அதுவும் பாடியது.

வேலை முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டார். விரலை வைத்து ஒரு சுற்று வருடினார். நாற்பது கம்பியும் ஒரே குரலில் பாடின.

"அழகா இருக்குங்க" என்றாள் அவள். கொஞ்ச நேரம் சக்கரத்தையே பார்த்தாள். "சத்தத்தைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கண்டுபிடிச்சு, சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணிட்டீங்களா? அப்ப தம்பிகிட்ட எதைங்க காட்டுவீங்க?"

சுருதிக்காரர் அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனர் வந்தார். முன்சக்கரம் புது ரிம்மோடு பளபளவென்று இருந்தது. அவர் வண்டியை உதைத்துக் கிளப்பித் தெருவில் இரண்டு தடவை போய் வந்தார். எஞ்சின் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

"அப்பா தெருமுனையிலயே எஞ்சினை அணைச்சிட்டு உருண்டேதானேடா வீட்டுக்கு வருவார்" என்றாள் அக்கா. "அந்த மாதிரி வா."

அந்த மாதிரி வந்தார். வண்டி நெருங்க நெருங்க, பின்சக்கரத்திலிருந்து தெளிவாக ஒரு சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்... சர்ர்.

மைத்துனர் இறங்கினார். நேர்மையான மனிதர், தோற்றால் தோற்றேன் என்று சொல்லத் தெரிந்தவர். "இருக்கு சார். நான்தான் தப்பா சொல்லிட்டேன். அப்பா சரியாத்தான் எழுதியிருக்கார்."

அவள் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தொடர்கதையாக இருந்தால் இந்த இடத்தில் மழை பெய்திருக்கும். வெயில்தான் அடித்தது. அந்த வெயிலில் சுருதிக்காரர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். மட்கார்டைத் தாங்கும் கம்பியில் ரிம் உரசி, பெயிண்ட் அப்போதுதான் உதிர்ந்திருந்தது. பளிச்சென்று புதுக் கீறல்.

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். இத்தனை சந்தோஷமாக அவளைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் சுருதி தப்பினால் சுட்டிக்காட்டாமல் இருக்க அவரால் முடிந்ததில்லை.

"இது மாமா சொன்ன சத்தம் இல்லைங்க. இது நான் உண்டாக்கின சத்தம்."

அதன் பிறகு மனைவி அவரோடு மூன்று நாள் பேசவில்லை. மௌனத்தில் அவள் அப்பாவுக்குத் தப்பாத பெண்தான்.

நான்காவது நாள் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு கம்பிக்காரம்மாவிடம் போனார். மனைவியும் கூடவே வந்தாள். பேசவில்லை; சக்கரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கம்பிக்காரம்மா சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டார். ரிம் ஒரு பக்கமாக ஒதுங்கியே சுழன்றது. "தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு சுருதியா இருந்துச்சு..."

"இருக்கும்! அண்ணே, செயின் பக்கம் கம்பி குட்டை, முறுக்கு அதிகம். அது இழுத்துப் பிடிக்கணும். இந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும். அப்பதான் ரிம் நடுவுல நிக்கும். ரெண்டையும் ஒண்ணாக்கினா வண்டி ஒரு பக்கமா சாயும். பியானோவை நான் வந்து பெண்டு எடுத்தா எப்படி இருக்கும்?"

"விட்டுக் கொடுக்கணும்னு அவருக்குப் புரியற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் மனைவி. மூன்று நாளில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. அதுவும் அவரிடம் இல்லை.

கம்பிக்காரம்மா கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டு வந்தார். பாதியில் அவர் விரல் ஒரு இடத்தில் நின்றது. கம்பிகள் ஒன்றை ஒன்று குறுக்கே கடந்து போகும் இடம். குனிந்து நகத்தால் தடவினார்.

"இங்க பாருங்க. இந்தக் கம்பியில பள்ளம் விழுந்திருக்கு. இது ரொம்ப வருஷமா யார்கூடயோ உரசிட்டு இருந்திருக்கு. ஆனா இதோட ஜோடி புத்தம் புதுசா இருக்கு. பழசு எங்க?"

"வீட்டுல இருக்கு" என்றார் சுருதிக்காரர்.

அவர் எந்தப் பழைய கம்பியையும் தூக்கிப் போட்டதில்லை. எடுத்த தேதி, எந்த வாத்தியம், ஏன் எடுத்தது என்று உறைமேல் எழுதி அலமாரியில் வைத்துவிடுவார். முந்நூற்றுச் சொச்சம் உறைகள் இருந்தன. அந்த அலமாரியைக் காலி செய்யச் சொல்லி மனைவி பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு ஆட்டோவைப் பிடித்து அவளே போய் அந்த உறையை எடுத்து வந்தாள். அதன்மேல், 'மோட்டார் சைக்கிள். பின்சக்கரம். உயிரில்லாத கம்பி. காரணம் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது.

கம்பிக்காரம்மா அதைப் பக்கத்துக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தார். பழையது ஒரு நகக்கண் அளவு நீளமாக இருந்தது. நடுவில் பாதி ஆழத்துக்குத் தேய்ந்த ஒரு பள்ளம்.

"வேற வண்டிக் கம்பி இது. நீளம் கூட. எவ்வளவு திருகினாலும் முறுக்கு ஏறாது, தொளதொளன்னுதான் இருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்து வண்டி உருண்டா, ஒவ்வொரு சுத்துக்கும் ஜோடியில போய் இடிக்கும். எஞ்சின் ஓடினா கேட்காது."

"அப்ப..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"சத்தம் இருந்துச்சும்மா. உங்க வீட்டுக்காரர்தான் அதைக் கழட்டி உறையில போட்டு வச்சிருக்கார்."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனத்தின் சுருதி மாறியிருந்தது.

மறுநாள் காலை கம்பிக்காரம்மா சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, பழைய நீளக் கம்பியையே அதன் இடத்தில் திரும்ப மாட்டினார். பணிமனையை ஒட்டிய சரிவான சந்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மைத்துனரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பதரைக்கு அவருக்கு ஒரு மாணவி. நான்காவது முறையாகத் தேர்வுக்குப் போகிறவள்.

"சார், இப்பவும் நீங்க ஏதாவது பண்ணி வைக்கலையே?"

"பண்ணினதை எல்லாம் எடுத்தாச்சு."

மைத்துனர் சந்தின் மேல்முனைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பாமலேயே உருண்டு வந்தார். நின்றுகொண்டிருந்த மூன்று பேரையும் கடந்து போனார். சர்ர் என்ற உரசல் இல்லை. எதுவுமே கேட்கவில்லை. மனைவி சுருதிக்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மைத்துனர் கீழே நிறுத்தினார். யாரையும் பார்க்காமல் வண்டியைத் திருப்பி, மேலே தள்ளிக்கொண்டு போய், மறுபடி உருண்டு வந்தார். மூன்றாவது தடவையும் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"காதுல இல்லைக்கா. கால்ல கேட்குது."

"என்னடா சொல்றே?"

"மிதியில கால் வச்சிருக்கேன் இல்ல, அதுல. ஒரு சுத்துக்கு ஒண்ணு. டிக். டிக். டிக். யாரோ உள்ளங்கால்ல விரலால தட்டுற மாதிரி." வண்டியை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். "காது போன பிறகும் அப்பா சத்தம் வருது, சத்தம் வருதுன்னு சொன்னார். நான் சிரிச்சேன்."

"போட்டவன் ஒரு மடையன்" என்று கம்பிக்காரம்மா விளக்கினார். "அளவு பார்க்காம, கைக்குக் கிடைச்ச கம்பியைச் சொருகியிருக்கான்."

"நான்தாங்க" என்றார் மைத்துனர்.

சந்தில் ஒரு பஸ் பின்னால் நகர்ந்து பணிமனைக்குள் போனது. அது போய் முடியும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அக்கா போன அன்னைக்கு அப்பா பஸ்ஸைத் துரத்திட்டுப் போனார் இல்ல? காத்தே இல்லாத டயரோட. ரெண்டு மைல் அப்படியே ஓட்டியிருக்கார். பின்சக்கரத்துல ஏழு கம்பி போச்சு. அவர் உள்ள போய்ப் படுத்துட்டார். எனக்குப் பத்தொன்பது வயசு. ஏதாவது பண்ணணும் போல இருந்துச்சு. கடையில ஆறு கம்பிதான் இருந்துச்சு. ஏழாவதை வேற வண்டியில இருந்து எடுத்துப் போட்டேன். யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

"காத்து இல்லாததுக்கு நான்தான்டா காரணம்" என்றாள் அக்கா.

சுருதிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கிளம்புறதுக்கு முன்னாடி டயர்ல இருந்து வால்வைத் திருகி எடுத்து பையில போட்டுக்கிட்டேன். பஸ் பாலத்துக்கு மேல போகும்போது ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டேன்." புருஷனைப் பார்க்காமல் சொன்னாள். "பிடிச்சா உங்களை அடிப்பார்னு பயம்."

தன் வாழ்க்கையின் ஒரே அதிர்ஷ்டம் என்று இருபத்தாறு வருடமாக எதை நினைத்துக்கொண்டிருந்தாரோ, அது தன் மனைவி கையால் திருகி எடுக்கப்பட்டது என்று சுருதிக்காரருக்குத் தெரிந்தது. பெரிதாக வருத்தம் ஒன்றும் இல்லை.

"கீழ பார்க்காமலே ஏறிட்டார் போல" என்றாள் அவள். "கோபத்துல."

"பார்த்துட்டுதான் ஏறினார்க்கா. நான் பக்கத்துல நின்னேன். குனிஞ்சு டயரைத் தொட்டுப் பார்த்தார். வால்வு இல்லை. 'என் பொண்ணு கெட்டிக்காரி'ன்னார். அப்புறம் அப்படியே ஓட்டிட்டுப் போயிட்டார்."

அவள் அழுதாள். இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ளவில்லை. கம்பிக்காரம்மா தோளில் கிடந்த துணியை எடுத்து நீட்ட, அவள் அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிரீஸ் துணி. கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. யாரும் சொல்லவில்லை.

"கேட்டாச்சு இல்ல?" என்றார் கம்பிக்காரம்மா கொஞ்ச நேரம் கழித்து. "கழட்டுங்க. இந்தக் கம்பியோட இதை ரோட்டுல விட மாட்டேன். என் கடைப் பேர் கெட்டுப்போயிடும்."

"இருக்கட்டுமே" என்றாள் மனைவி. "இத்தனை வருஷம் ஓடியிருக்கே."

"இவ்வளவு தேய்ஞ்சிருக்கும்மா. அடுத்த மாசம் முறியும். முறிஞ்சா ஓட்டுறவர் கதி?"

ஓட்டுகிறவர் யார் என்ற கேள்வி அங்கே ஒரு நிமிடம் நின்றது. எல்லோரும் சுருதிக்காரரைப் பார்த்தார்கள்.

மைத்துனர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டார். "நான் போட்டது. நானே கழட்டுறேன். வண்டி உங்களுதுதான், அதுல பேச்சே இல்லை. ஆனா ஓட்டக் கத்துக்கணும். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு என் மைதானத்துக்கு வந்துடுங்க. லேட்டா வந்தா கிளாஸ் கிடையாது, யாரா இருந்தாலும் சரி." கையை நீட்டினார். "அத்தான், அந்தக் கம்பிச் சாவியை எடுங்க."

ஒன்பதரை மணி மாணவி அன்று வெகுநேரம் காத்திருந்தாள்.

மனைவியும் கம்பிக்காரம்மாவும் எந்தக் கம்பி என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்ட மைத்துனருக்கே தான் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று தெரிந்ததாகத் தோன்றவில்லை. அங்கே இருந்தவர்களில் ஒருவருக்குத்தான் அது கேட்டது. அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நீளக் கம்பியை அதே உறையில் போட்டார். மேலே தான் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தார். பேனாவை எடுத்து, 'காரணம் தெரியவில்லை' என்பதில் 'தெரியவில்லை'யை மட்டும் அடித்தார். நடந்ததை எல்லாம் எழுத உறையில் இடம் போதாது. சிறிது யோசித்துவிட்டு, 'குடும்பம்' என்று எழுதி அலமாரியில் வைத்தார்.